ஹாரன் அடித்தால் திணறும் கார்

கைகள் ரெடியூசரின் அடியில் இருந்த சின்ன போல்ட்டைக் கழற்றின. கீழே பிடித்திருந்த தகர டப்பாவில் கறுத்த எண்ணெய் மூன்று சொட்டு விழுந்தது. நான்காவது சொட்டு நூலாகத் தொங்கி, வெகு நேரம் கழித்து அறுந்தது. வலது கை போல்ட்டைத் துணியில் துடைத்து, வாஷரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தட்டில் விரித்த பழைய பனியன் மேல் வைத்தது. அந்தத் தட்டில் எல்லாம் கழற்றிய வரிசையிலேயே இருந்தன. பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும்.

டாங்கியிலிருந்து திரவமாக வரும் கேஸை ஆவியாக்கி என்ஜினுக்கு அனுப்புவது ரெடியூசர். அதில் எண்ணெய் தேங்கினால் வண்டி திணறும். ஆனால் மூன்று சொட்டு தேக்கமே அல்ல. மூன்று நாள் முன்பு இதே கைகள் இதே போல்ட்டைக் கழற்றி அரை டம்ளர் வடித்திருந்தன. அன்றும் வண்டி திணறியது, இன்றும் திணறுகிறது. அப்படியானால் குறை இங்கே இல்லை. இங்கே இல்லையென்றால் வேறு எங்கே?

கைகள் பானட்டின் விளிம்பில் ஒன்றும் செய்யாமல் கிடந்தன.

இருசப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. மரக்காணத்தில், திண்டிவனம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, உப்பளத்தைப் பார்த்த தகரக் கொட்டகைதான் அவர் பட்டறை. பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் பழைய கார்களுக்கு இந்தப் பக்கம் அவரை விட்டால் பாண்டிக்குத்தான் போக வேண்டும். அவர் எந்தத் தொழிற்கூடத்திலும் படித்ததில்லை. ஒருமுறை கடற்கரைச் சாலையில் நின்றுபோன கேஸ் காரை எல்லோரும் "வெடிச்சிடும்" என்று தள்ளி நின்று பார்த்தபோது, அவர் மட்டும் கிட்டே போய் ஒவ்வொரு குழாயாக விரலால் தொட்டுக்கொண்டே போய், எது எங்கே போகிறது என்று ஒரு சிகரெட் அட்டையில் படம் வரைந்துகொண்டார். அந்தப் படத்தை வைத்துத்தான் தொழிலே தொடங்கியது.

வேலை செய்வதில் அவருக்கு ஒரே ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. தெரியாமல் சரியானது சரியானதே அல்ல. மாற்றியதை எல்லாம் கொட்டகையின் தகரச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். இந்தக் காருக்காக எழுதியது திங்கட்கிழமை தொடங்கி வியாழன் சாயங்காலத்துக்குள் ஒரு தகரம் முழுக்க வந்திருந்தது. ரெடியூசர் எண்ணெய். கேஸ் ஃபில்டர். டயாஃப்ரம். பிளக் நான்கு... அதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதியிருந்தார். மூன்று சிலிண்டர் வண்டிக்கு நான்கு பிளக் எழுதியதைப் பார்த்தபோதுதான் தன் தலை எவ்வளவு குழம்பியிருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

கார் முபீனாவுடையது. தொண்ணூற்றெட்டு மாடல், கார்ப்பரேட்டர் வைத்தது, வெள்ளை. அவள் கணவன் ஷஃபி சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போவதற்கு முன் வாங்கிக் கேஸ் போட்டுக் கொடுத்தது. ஞாயிறு தவிர தினமும் பதினொன்றரைக்கு நாற்பது பேருக்கான சாப்பாட்டை அதில் ஏற்றிக்கொண்டு, பெரிய முதலியார்சாவடி பக்கம் ஆரோவில்காரர்கள் நடத்தும் ஒரு தையல் யூனிட்டுக்கு அவள் ஓட்டிப் போவாள். அங்கே பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். ஒரு மணிக்கு மறுபடி மெஷினில் உட்கார வேண்டும். போன வாரம் ஒருநாள் ஒன்றே கால் ஆகிவிட்டது. இந்தப் புதன்கிழமையும் அப்படியே. யூனிட்டைப் பார்த்துக்கொள்ளும் ஷாலினி, "இன்னொரு தடவை லேட்டானா திங்கக்கிழமைலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறோம்கா" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆர்டர் போனால் முபீனாவின் அடுப்பும், அவளோடு காய் நறுக்கும் இரண்டு பெண்களின் சம்பளமும் சேர்ந்து போய்விடும்.

முதல் நாள் அவள் சொன்னது இதுதான்.

"மிதிச்சா உடனே போறதில்லண்ணே. ஒரு செகண்டு யோசிக்குது. அப்புறம் திடீர்னு பாயுது. மெயின் ரோட்டுல ஏறும்போது இது யோசிச்சா நான் என்ன பண்றது? பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரன் யோசிக்கவே மாட்டானே."

"கேஸ்லயா, பெட்ரோல்லயா?"

"கேஸ்ல. பெட்ரோல்ல மாத்தினா நல்லாதான் இருக்குது. கொஞ்ச தூரம்."

பெட்ரோலில் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் இருசப்பன் காதில் வாங்கிக்கொண்டார். அப்படியானால் என்ஜினில் கோளாறு இல்லை, கேஸ் வரும் வழியில்தான். நேர்கோடு போலத் தெளிவாக இருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் நடந்தும் எங்கும் போய்ச் சேரவில்லை.

வண்டி அவரிடம் இருப்பது காலை ஆறு மணியிலிருந்து பத்து வரை, பிறகு மூன்று மணிக்கு மேல். இடையில் அவளுக்கு வேண்டும். காலையில் ஒன்றை மாற்றி, அனுமந்தை வரை ஓட்டிப் பார்ப்பார். வெண்ணெயாக ஓடும். சாவியைக் கொடுப்பார். மூன்று மணிக்கு அவள் திரும்பி வருவாள், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"உங்ககிட்ட இருக்கும்போது நல்ல புள்ளயா இருக்குதுண்ணே. எங்கிட்ட வந்தா மட்டும் ஆட்டம் காட்டுது. வீட்டுல மாமியா முன்னாடி நல்லவளா நடிக்கிற மருமவ மாதிரி."

"அப்ப நான் மாமியாவா?"

"மீசை வெச்ச மாமியா."

சிரித்துவிட்டு அவள் போவாள். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தகரத்தின் முன் நிற்பார்.

செவ்வாய்க்கிழமை, பக்கத்துப் பேட்டரிக் கடை சகாயராஜைக் கூப்பிட்டார். இருவரும் ஒரே வயது. இருசப்பனுக்கு என்ஜின் பழக்கம் வந்தது உப்பளத்தில், பாத்திக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜின்களில். அவற்றுக்குப் பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. கைப்பிடியைச் சுற்றினால் ஓடும், டீசலை நிறுத்தினால் நிற்கும். அதனால் அவருக்குக் காற்று தெரியும், எரிபொருள் தெரியும், அழுத்தம் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற கரண்டு மட்டும் விருந்தாளி மாதிரிதான்.

"டேய் இருசா, உனக்குக் கரண்டுன்னாலே பேய்டா. நகரு." சகாயராஜ் மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் இரண்டு பக்கத்தில் வைத்தான். "பன்னெண்டரை வோல்ட்டு. ஸ்டார்ட் பண்ணு... பதிமூணே முக்கா. ராஜா மாதிரி இருக்குது. ஸ்டார்ட்டும் ஒரே அடியில ஆவுது. கோளாறு உன் கேஸ்லதான். என் பக்கம் வராத."

தகரத்தில் 'கரண்டு, சரி' என்று எழுதப்பட்டது. வியாழன் சாயங்காலம் அந்த மூன்று சொட்டையும் பார்த்த பிறகு, அவருக்கு எழுத வேறு எதுவும் இல்லை. கேஸ் வழி முழுக்கச் சுத்தம். அவர் மனைவி அம்சவல்லி ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு ஊற்றிவிட்டு, "தட்டையும் கழட்டிப் பாக்கப் போறியா?" என்று கேட்ட பிறகுதான், சோற்றை வரிசை வரிசையாகப் பிரித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார்.

வெள்ளிக்கிழமை காலை முபீனா வந்ததும் சொன்னார்: "இன்னிக்கு நானும் வர்றேன். என்கிட்ட நடிக்குதா, இல்ல நெஜமாவே அது ரெண்டு வண்டியான்னு பாத்துடறேன்."

பின் சீட்டில் சோற்று அண்டா. அதன் இரு பக்கமும் சாம்பார், ரசத் தூக்குகள். முன்னால் இடமில்லாததால் முட்டைக் குழம்பு வாளியை இருசப்பன் மடியில் வைத்துக்கொண்டு, மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மணி பதினொன்று இருபது. வெயில் தகரத்தைத் தட்டுவது போல் காரின் மேல் அடித்தது. மெயின் ரோட்டில் ஏறத் திரும்பும் இடத்தில் அவள் இண்டிகேட்டர் போட்டு, நின்று, இடைவெளி பார்த்து மிதித்தாள்.

கார் யோசித்தது.

ஒரு நொடி முழுசாக. என்ஜின் சத்தம் கிணற்றுக்குள் இறங்குவது போல் இறங்கி, பிறகு உதறிக்கொண்டு மேலே வந்தது. பின்னாலிருந்து ஒரு லாரி நீளமாகக் கத்தியது. குழம்பு மூடியைத் தாண்டி அவர் வேட்டியில் சிந்தியது.

"பாத்தீங்களா?"

பார்த்தார். நான்கு நாளில் முதல் தடவையாகப் பார்த்தார். ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது, கோளாறு நிஜம். ஆனால் காலையில் ஆறு மணிக்கு ஏன் இல்லை? வெயிலா? பாரமா? இரண்டும் சேர்ந்தா? ஒரு நேரத்தில் ஒன்று என்ற விதியை ஓடுகிற வண்டியில் எப்படி வைத்துக்கொள்வது?

உப்பளங்கள் பின்னால் போயின. அனுமந்தை தாண்டி ஆடுகள் குறுக்கே வந்தன. முபீனா வேகத்தைக் குறைத்தாள், ஆனால் ஹாரன் அடிக்கவில்லை. ஆடுகள் நகரவில்லை.

"ஹாரன் அடிம்மா, டைம் ஆவுது."

மனசில்லாமல் அடித்தாள். ஹாரன் கத்திய அதே நேரத்தில் கார் விக்கல் எடுத்தது போல் குலுங்கியது.

இருசப்பன் வாளியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மறுபடி அடி."

"ஆடு போயிடுச்சேண்ணே."

"ஆட்டுக்கு இல்லம்மா, எனக்கு. அடி."

அடித்தாள். குலுங்கியது. விட்டாள். சரியாக ஓடியது. மறுபடி அடித்தாள். மறுபடி குலுங்கியது. ரோட்டோரத்தில் தர்ப்பூசணி விற்றவர் எழுந்து நின்று பார்த்தார்.

"இத ஏம்மா சொல்லல?"

"நீங்க ஹாரனப் பத்திக் கேக்கவே இல்லையே. கேஸப் பத்திதான கேட்டீங்க. இதுக்கு ஹாரன்னா பயம்ணே. அதனால நான் அடிக்கறதே இல்ல. முன்னாடி போறவங்க வழி விடற வரைக்கும் பின்னாலயே போவேன்."

ஹாரனுக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்? இருசப்பன் கண்ணை மூடிக்கொண்டு சிகரெட் அட்டைப் படத்தை நினைவுக்குக் கொண்டுவந்தார். டாங்கி, குழாய், வால்வு, ரெடியூசர், மிக்சர். அதில் எங்கேயும் ஹாரன் இல்லை.

"பெட்ரோலுக்கு மாத்து."

டாஷ்போர்டு சுவிட்சைத் தட்டினாள். கார் சீரானது. ஹாரன் அடித்தாலும் குலுங்கவில்லை. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். அப்படியானால் கேஸ்தான் என்று மறுபடியும் நேர்கோட்டைப் பிடிக்கப்போனபோது, கூனிமேடு தாண்டியதும் பெட்ரோலிலும் அதே யோசனை, அதே உதறல் வந்தது.

"கொஞ்ச தூரம்னு சொன்னேனேண்ணே," என்றாள் முபீனா.

அவர் மனசுக்குள் எண்ணினார். கேஸிலும் வருகிறது. பெட்ரோலிலும் வருகிறது, ஆனால் தாமதமாக. வெயிலில் வருகிறது. ஹாரனுக்கு வருகிறது. நான்கும் ஒரே நோயின் குணங்களா, நான்கு நோயா? வாளியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் வேறு பாடத்தின் கேள்வித்தாள் வந்துவிட்டது போல உட்கார்ந்திருந்தார். காலாப்பட்டு நெரிசலில் முபீனா இரண்டாவது கியரிலேயே வண்டியை உறுமவைத்து இழுத்தாள். உதட்டில் ஏதோ ஓதிக்கொண்டே வந்தாள். யூனிட் வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டு இருபத்தெட்டு.

ஷாலினி படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம் இருக்குதும்மா ஷாலினி," என்றாள் முபீனா.

"இருக்குதுக்கா. எனக்குத்தான் உசிரு இல்ல. நாளைக்கு வெளியூர்லேர்ந்து துணி வாங்கறவங்க வர்றாங்க, ஞாபகம் இருக்கட்டும். மொத்தம் நூறு சாப்பாடு. பன்னெண்டரைன்னா பன்னெண்டரை. அவங்க முன்னாடி நான் இப்படிப் படியில நின்னுக்கிட்டிருக்க முடியாது." பிறகு குழம்பு சிந்தி மஞ்சளாகியிருந்த இருசப்பனின் வேட்டியைப் பார்த்தாள். "இவரு யாரு?"

"மெக்கானிக்."

"மெக்கானிக்கைப் பக்கத்துலயே வெச்சிக்கிட்டு ஓட்டற கார்லயா எங்க சோறு வருது?"

பெண்கள் அண்டாவை இறக்கினார்கள். இருசப்பன் அணைக்காமல் விட்டிருந்த என்ஜினின் பானட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. இறக்கிவிட்டு வந்த முபீனா, "பெடல் வேற உச்சி வெயில்ல டைட்டா இருக்குதுண்ணே, என் செருப்புதான் சரியில்லைன்னு நெனச்சிக்குவேன்," என்றாள். ஆக்சிலேட்டர் கேபிள் துரு பிடித்திருக்கும் என்று அவர் விரலை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

கேபிள் சுட்டது. டீ டம்ளரைப் போல் சுட்டது. மேலுறை மெழுகாக இளகியிருந்தது.

புகைக்குழாய் சூடாக இருக்குமோ என்று பார்த்தார். கேபிள் அதன் கிட்டேயே போகவில்லை. யோசித்துவிட்டு, என்ஜினின் மறுபக்கம், கீழே கியர் பாக்ஸுக்குப் போகும் கிளட்ச் கேபிளைத் தொட்டார். அதுவும் சுட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடத்தில், வெறும் இழுப்புக் கம்பிகள் இரண்டு. அவை ஏன் சுட வேண்டும்?

தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் தெரிந்தது. இந்த நான்கு நாளும் அவர் பார்த்த இடம் வேறு, நோய் இருந்த இடம் வேறு.

மூன்று மணிக்குக் கொட்டகைக்கு வந்ததும் எதையும் கழற்றவில்லை. பானட்டைத் திறந்துவைத்து, இரண்டு கேபிளும் விரலுக்குக் குளிரும்வரை காத்திருந்தார். பிறகு ஸ்டார்ட் செய்தார். ஃபேன் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பத்து நிமிடம். கேபிள் குளிர்ச்சிதான். இப்போது ஒன்றே ஒன்றை மாற்றினார். முன் விளக்கைப் போட்டார். பத்து நிமிடத்தில் கேபிள் வெதுவெதுப்பானது. விளக்கை அணைத்தார். ஆறியது. மறுபடி போட்டார். மறுபடி சூடு.

பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். விளக்கைப் போட்டால் ஆக்சிலேட்டர் கம்பி சுடுகிறது. இதைத் தகரத்தில் எழுதினால் படிக்கிறவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

"சகாயம்," என்று கூப்பிட்டார். "உன் டெஸ்ட் லேம்ப எடுத்துக்கிட்டு வா."

சகாயராஜ் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தான். "வெயில்ல சுத்திட்டு வந்து ஒளர்றடா." ஆனாலும் கேபிளைத் தொட்டுப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இரண்டு ஒயரும் ஒரு பல்பும் கொண்ட அந்தச் சோதனை விளக்கின் ஒரு முனையை என்ஜினில் வைத்தான். மறுமுனையைக் காரின் பாடியில் வைத்தான்.

"எதுக்குடா அங்க வெக்கிற? ரெண்டும் எர்த்துதான? எரியாதே," என்றார் இருசப்பன்.

"எரியக் கூடாது," என்றான் சகாயராஜ்.

பல்பு எரிந்தது. மங்கலாக, காமாலைக் கண் மாதிரி. முன் விளக்கு போட்டிருக்கும்வரை எரிந்தது. ஹாரனை அமுக்கியபோது இன்னும் பிரகாசமானது.

"அடப்பாவி," என்றான் சகாயராஜ் மெதுவாக. "லைட்டு, ஃபேனு, ஹாரனு, உன் கேஸ் வால்வு, பெட்ரோல் வால்வு எல்லாத்துக்கும் எர்த்து பாடியில. பாடியிலேர்ந்து கரண்டு என்ஜின் வழியா பேட்டரிக்குத் திரும்பிப் போவணும். போற வழி எங்கியோ அடைச்சிருக்குது. அதனால கெடச்ச சந்து பொந்துல, இந்தக் கேபிள் வழியா போவுது. அதான் சுடுது. பேட்டரி எர்த்து நேரா கியர் பாக்ஸ்ல இருக்குது, அதனாலதான் ஸ்டார்ட் ஆனது, மீட்டரும் நல்லா காமிச்சுது. என்னையும் ஏமாத்திடுச்சுடா."

மீதியை இருசப்பன் தானே கட்டிக்கொண்டார், ஒவ்வொன்றாக. ஃபேன் ஓடினால் பாடி வழியாகத் திரும்ப வேண்டிய கரண்டு கூடுகிறது. வழி போதவில்லை. கரண்டில் திறக்கும் கேஸ் வால்வுக்கு வலு குறைந்து அது மூடப் பார்க்கிறது, என்ஜின் ஒரு வாய் பட்டினி கிடக்கிறது. காலை ஆறு மணிக்கு ஃபேன் ஓடுவதே இல்லை. பெட்ரோல் வால்வும் அப்படித்தான் மூடுகிறது, ஆனால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருக்கும். அது தீரும்வரை நன்றாக ஓடும். கொஞ்ச தூரம். அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் ஒயர் பேட்டரி தட்டுக்குக் கீழே இருந்தது. கையை விட்டு, போல்ட்டைக் கழற்றி, ஒயரின் முனையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். துரு இல்லை. அழகாக, ஒரே சீராக, ரெட் ஆக்சைடு பெயிண்ட் பூசியிருந்தது. முனையின் அடியிலும், அது உட்காரும் தகட்டின் மேலும்.

"எவன்டா இங்க போய் பெயிண்ட் அடிச்சவன்?" என்றான் சகாயராஜ்.

"நான்தான்."

ஐப்பசியில் மழை தொடங்கி உப்பு வாருவது நின்றதும், உப்பளத்து என்ஜின்களை எல்லாம் மேட்டுக்குக் கொண்டுவருவார்கள். பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, துருவைச் சுரண்டி, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி அதன் அடியிலும் ரெட் ஆக்சைடு இரண்டு கை பூசி, காய்ந்ததும் மறுபடி முடுக்குவார்கள். மேலோடு பூசிவிட்டுப் போகிறவனை அங்கே யாரும் மெக்கானிக் என்று சொல்ல மாட்டார்கள். பெயிண்ட் படாத இரும்பை உப்புக்காற்று பார்த்துக்கொண்டே இருக்கும் என்பது பேச்சு. பதினாறு வயதிலிருந்து இருசப்பன் கைகளுக்கு அதுதான் பழக்கம். கார்களுக்கு வந்த பிறகும் மழைக்காலத்தில் அதே வேலை செய்தார். ஆட்கள் அதற்காகவே அவரிடம் வந்தார்கள். முபீனாவின் காருக்கும் போன மழையில் செய்தார், இந்தப் போல்ட்டை மற்றவர்கள் தொடவே மாட்டார்கள் என்ற பெருமையோடு. ஒயர் இல்லாத என்ஜினுக்கு அது மருந்து. இங்கே கரண்டு திரும்பும் வாசலை அவரே பூசி மெழுகிவிட்டார். சில மாதம் போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் போய்க்கொண்டிருந்திருக்கும். பிறகு உப்புக்காற்று மரையையும் அரித்திருக்கும்.

சகாயராஜ் கேலி செய்யப்போகிறான் என்று காத்திருந்தார். அவன் செய்யவில்லை. உப்புத்தாளை எடுத்து நீட்டினான்.

தகட்டை வெள்ளி போல் பளிச்சிடும்வரை தேய்த்தார். ஒயர் முனையையும் தேய்த்தார். போல்ட் புதிது, பல் வைத்த வாஷர் புதிது. வெறும் இரும்போடு வெறும் இரும்பு சேர்ந்து இறுகிய பிறகு, மேலே மட்டும் கிரீஸ். டெஸ்ட் லேம்ப் எரியவில்லை. விளக்கு, ஹாரன், ஃபேன் எல்லாம் ஒன்றாகப் போட்டும் எரியவில்லை. இளகிப்போன கேபிளை மாற்றினார்.

சாயங்காலம் முபீனா வந்தபோது, "சரியாயிடுச்சா?" என்றாள்.

"தெரியல."

"என்னண்ணே! நாளைக்கு நூறு சாப்பாடு. இன்னிக்கு ராத்திரியே வெங்காயம் உரிச்சாவணும். தெரியலைன்னா நான் உரிக்கறதா வேணாமா?"

"உரி. ஆனா சாவி இப்பத் தர மாட்டேன். சாயங்காலக் காத்துல இது எப்பவும் நல்லாதான் ஓடுது. வாரம் பூரா அப்படித்தான் ஏமாந்தேன். நாளைக்கு வெயில்ல பாத்துட்டுத் தர்றேன். பதினோரு மணிக்கு வண்டி உன் வாசல்ல நிக்கும்."

அவள் "இன்ஷா அல்லா" என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு, வெயில் ஏறிய பிறகு, உப்பளத்திலிருந்து நான்கு மூட்டை உப்பைக் கடனாக வாங்கிப் பின் சீட்டில் ஏற்றினார். நூறு சாப்பாட்டின் பாரம் இருக்கும். பகலில் முன் விளக்கைப் போட்டுக்கொண்டு, கேஸில், மெயின் ரோட்டில் ஏறினார். இண்டிகேட்டர் போட்டு, நின்று, மிதித்தார். கார் யோசிக்கவில்லை. இறங்கித் திரும்பி வந்து மறுபடி ஏறினார். பதினோரு தடவை ஏறினார். நடுவில் பத்து நிமிடம் நிழலில்லாத இடத்தில் ஓடவிட்டு ஃபேன் வரக் காத்திருந்தார். கூனிமேடு வரை ஹாரனை அமுக்கிக்கொண்டே போனார். நேற்றைய தர்ப்பூசணிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். திரும்பும்போது பெட்ரோலில் வந்தார், முழு தூரமும். வந்து கேபிளைத் தொட்டார். வெயிலின் சூடுதான். வேறில்லை.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முபீனாவின் வாசலில் நிறுத்தினார். அண்டாக்கள் மூடிபோட்டு வரிசையாக நின்றன. பெண்கள் இருவரும் முந்தானையைச் செருகிக்கொண்டு தூக்கத் தயாராக இருந்தார்கள்.

"என்னாண்ணே கோளாறு?"

"எர்த் ஒயரு. அடியில பெயிண்ட் இருந்துச்சு. அடிச்சது நான்தான், போன மழையில. துரு புடிக்கக் கூடாதுன்னு அடிச்சேன். இந்த வாரம் மாத்தின ஃபில்டரு, டயாஃப்ரம் எதுவும் தேவையே இல்ல. உன் ரெண்டு நாள் லேட்டும் என் கையாலதான்."

முபீனா அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியாதது போல் இருந்தது. பெண்களில் ஒருத்தி அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரியவே போறதில்லையே," என்றாள் முபீனா.

"இன்னும் நாலு வண்டிக்கு இதே மாதிரி பண்ணியிருக்கேன். போன் பண்ணி வரச் சொல்லிட்டேன்." பானட்டைத் தூக்கி, பேட்டரி தட்டுக்குக் கீழே கைகாட்டினார். "இந்த எடத்துல இனிமே யாரையும் பெயிண்ட் அடிக்க விடாத. நான் வந்து கேட்டாலும்."

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு ரூபாய்க் காசு அளவு வெளுப்பு தெரிந்தது. தலையாட்டினாள். பிறகு பெண்களைப் பார்த்து, "ஏத்துங்கடி, நேரமாவுது," என்றாள். அண்டாக்கள் ஏறின. முன் சீட்டையும் பாயசத் தூக்கு எடுத்துக்கொண்டது.

"நான் வேணா கூட..."

"நீங்க வந்தா பாயசத்த எங்க வெக்கறது? யூனிட் வாசல்ல ஷாலினி கேட்ட கேள்விக்கு இன்னொரு தடவை நான் பதில் சொல்ல முடியாது." ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு, கையை நீட்டினாள். "கண்டிப்பா ஓடுமாண்ணே?"

கண்டிப்பா என்ற வார்த்தையை அவர் எந்த வண்டிக்கும் சொன்னதில்லை.

"வெயில்ல, பாரத்தோட, ஃபேன் ஓட, பதினோரு தடவை ஏத்திப் பாத்தேன். ஒரு தடவைகூட யோசிக்கல," என்று சொல்லி, வேட்டியில் துடைத்த சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.